தெருத் தொல்லை: குடியிருப்போரும் காவல்துறையும் சேர்ந்து அடக்கும் வழி

"எங்கள் பகுதி கெட்டுப்போய்விட்டது, உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்று நூறு கையெழுத்தோடு போகும் மனு பெரும்பாலும் கோப்பிலேயே தூங்கிவிடும். அதற்குக் காவல் நிலையத்தின் அலட்சியம் மட்டும் காரணம் அல்ல. அந்த மனுவை வைத்துக்கொண்டு எந்த இடத்துக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் காவலரை அனுப்புவது என்று யாராலும் முடிவு செய்ய முடியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "பி பிளாக் பின்படிக்கட்டில் வியாழன் முதல் சனி வரை, இரவு 10.30-லிருந்து 12.30 வரை, ஐந்தாறு பேர் குடிக்கிறார்கள். பாட்டிலை உடைக்கிறார்கள். தரைத்தள வீட்டு ஜன்னலைத் தட்டுகிறார்கள். நான்கு வாரத்தில் ஒன்பது முறை." இப்போது ரோந்துப் பட்டியலில் ஒரு வரி எழுத முடியும்.

முதல் மனுவை இரண்டாவது மனுவாக மாற்றுவதுதான் வேலையில் பாதி. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் 1979-இல் காவல்துறையைப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான்: ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனியாக ஓடாதீர்கள்; திரும்பத் திரும்ப வரும் அழைப்புகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரே பிரச்சினையைக் கண்டுபிடித்து அதைத் தீருங்கள். 1980-களின் நடுவில் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரக் காவல்துறை அதை நான்கு படிகளாகச் செய்து பார்த்தது: கண்டறிவது, ஆராய்வது, செயல்படுவது, பலன் கிடைத்ததா என்று அளப்பது. குடியிருப்போருக்கும் இந்த நான்கு படிகளே போதும். முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதில் போய் விழுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

எது தொல்லை, எது இல்லை

காகிதத்தை எடுப்பதற்கு முன் நடப்பதை வகை பிரியுங்கள்.

யாருக்காவது இந்த நிமிடம் அடி விழுகிறது, ஆயுதம் தெரிகிறது, தீ வைக்கிறார்கள், வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்றால் அவசர எண்ணை அழையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு யாராவது அழைப்பார்கள் என்று காத்திருக்கக் கூடாது. குழுவில் இருக்கும் அறுபது பேரும் அடுத்தவர் அழைத்திருப்பார் என்றே நினைப்பார்கள். நடந்து முடிந்த குற்றம், அதாவது உடைந்த கார்க் கண்ணாடி, திருட்டு, மிரட்டல் என்றால் தனிப் புகார். பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒரு பெண்ணோ குழந்தையோ அடிபடும் சத்தம் "இரைச்சல் தொல்லை" அல்ல. அதுவும் அவசர அழைப்புதான்.

மனநலம் குன்றித் தெருவில் கத்துபவர், போக இடமில்லாமல் படிக்கட்டில் தூங்குபவர் விஷயத்தில் மருத்துவ உதவியையோ சமூகநலத் துறையையோ முதலில் தேடுங்கள். காவலர் வந்து விரட்டினால் நாலு நாளில் அதே நபர் அதே படிக்கட்டில் இன்னும் மோசமான நிலையில் இருப்பார்.

பிறகு, யாருக்கும் சொல்லப் பிடிக்காத ஒரு வகை இருக்கிறது. ஆறு பதின்ம வயதுப் பிள்ளைகள் மாலை ஏழு மணிக்கு மதில்மேல் உட்கார்ந்து சத்தமாகச் சிரிக்கிறார்கள். அது குற்றமும் இல்லை, தொல்லையும் இல்லை. அவர்களுக்கு வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். இதையும் புகாரில் சேர்த்தால் இரண்டு நஷ்டம். நிஜமான தொல்லையைச் சொல்லும்போது உங்கள் பேச்சுக்கு எடை குறைந்துவிடும். நாளைக்கு உங்களுக்குச் சாட்சி சொல்லக்கூடிய அந்தப் பிள்ளைகளும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

இவையெல்லாம் போக மிஞ்சுவது, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நடந்து, குறிப்பிட்ட சிலரின் தூக்கத்தையோ நடமாட்டத்தையோ நிம்மதியையோ கெடுப்பது. அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குடிகாரர் கூட்டம், பைக் ரேஸ், சுவர்க் கிறுக்கல், குப்பை எரிப்பு நான்கையும் ஒரே மனுவில் சேர்த்தால் நான்கும் நடக்காது. எதைத் தேர்வது? அதிகம் பேர் பேசுவதை அல்ல, அதிகம் காயப்படுத்துவதை. தனியாக வாழும் முதியவரின் கதவைத் தினமும் தட்டிவிட்டு ஓடுவது முழுத் தெருவையும் எரிச்சலூட்டும் பைக் சத்தத்தைவிட முக்கியமானதாக இருக்கலாம்.

குறிப்பேடு

ஒரு பள்ளி நோட்டு போதும். கட்டங்கள் இவை: நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், துல்லியமான இடம், கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும், எத்தனை பேர், யாருக்கு என்ன பாதிப்பு, யாரிடம் புகார் சொன்னீர்கள், புகார் எண்.

கெட்ட பதிவு: "இன்றும் அதே பொறுக்கிகள் ரகளை, தாங்க முடியவில்லை." நல்ல பதிவு: "14-ஆம் தேதி வெள்ளி, இரவு 11.10 முதல் 11.50. பின்படிக்கட்டு, முதல் திருப்பம். நான்கு ஆண்கள், இருபது வயது மதிக்கலாம். ஒருவர் சிவப்புத் தொப்பி. இரண்டு பாட்டில் உடைந்த சத்தம். படுக்கையறை ஜன்னல் மூடியிருந்தும் பேசிய வார்த்தைகள் கேட்டன. குழந்தை விழித்து அழுதது. 11.20-க்கு அழைத்தேன், எண் பெற்றேன், யாரும் வரவில்லை." இதில் கோபம் எங்கும் இல்லை, ஆனால் படிப்பவருக்குக் கோபம் வரும்.

சில விதிகளைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றிரவே எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைவிலிருந்து எழுதக் கூடாது. அப்படி எழுதினால் இரண்டு வீட்டாரின் நேரங்கள் ஒன்றோடொன்று முட்டும். வழக்கு என்று போனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் விரல் வைப்பது அங்கேதான். ஒன்றும் நடக்காத நாளுக்கும் "ஒன்றுமில்லை" என்று ஒரு வரி வேண்டும். அந்த வெற்று நாட்கள்தாம் எந்தக் கிழமை நடக்கிறது என்பதைக் காட்டும். நீங்கள் மிகைப்படுத்தவில்லை என்பதையும் காட்டும். ஆட்களின் மதத்தையும் சாதியையும் நாட்டையும் ஊகித்து எழுதாதீர்கள். உடை, உயரம், வண்டி எண், கூப்பிட்டுக்கொண்ட பெயர் ஆகியவை பயன்படும். ஊகம் பயன்படாது என்பதோடு, உண்மையான ஆளைத் தப்பவிட்டுவிடும்.

ஒரே வீடு எழுதினால் அது "அண்டை வீட்டுத் தகராறு" என்று ஒதுக்கப்படும். குறைந்தது மூன்று வீடுகள், தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், நான்கு வாரம் எழுதட்டும். முதல் வாரத்திலேயே ஆர்வம் வடிந்துவிடும். அதற்காகவே வாரம் ஒருமுறை எல்லோரையும் கேட்டு நினைவூட்ட ஒருவர் வேண்டும். கைபேசியில் டெசிபல் அளக்கும் செயலியை நம்பி எண் போடாதீர்கள். அளவுத்திருத்தம் செய்யாத மைக்கின் கணக்கை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். "ஜன்னலை மூடிய பிறகும் வார்த்தை புரிந்தது" என்பது அதைவிட வலுவான சாட்சியம்.

ஏன் அங்கே, ஏன் அப்போது

நான்கு வாரம் முடிந்ததும் தெருவின் படத்தைக் கையால் வரைந்து, சம்பவம் நடந்த இடத்தில் எல்லாம் புள்ளி வையுங்கள். இன்னொரு தாளில் ஏழு கிழமையும் இருபத்து நான்கு மணியும் கொண்ட கட்டம் போட்டு அதிலும் புள்ளி வையுங்கள். புள்ளிகள் பரவலாக விழும் என்று எதிர்பார்ப்பீர்கள். விழாது. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்தில் ஓராண்டில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989-இல் வெளியான ஆய்வில், நகரத்து முகவரிகளில் 3 சதவீதத்துக்குச் சற்று மேலான இடங்களிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. "பகுதி முழுக்க" என்று உணரப்படுவது பெரும்பாலும் ஒரு படிக்கட்டு, ஒரு சந்து முனை, ஒரு நிழற்கூரைதான்.

அந்த இடத்துக்குப் பகலில் ஒருமுறை, தொல்லை நேரத்துக்கு அரை மணி முன்னால் ஒருமுறை, மூன்று பேராகப் போய் நின்று பாருங்கள். எங்கே உட்கார முடிகிறது? எந்த வெளிச்சம் அணைந்திருக்கிறது? எந்த ஜன்னலிலிருந்தும் தெரியாத மூலை எது? மழைக்கு ஒதுங்க கூரை இருக்கிறதா? ஆள் வந்தால் தப்பி ஓட இரண்டு வழி இருக்கிறதா? மது எங்கிருந்து வருகிறது, அந்தக் கடை எத்தனை மணிக்குச் சாத்துகிறது? கழிப்பறை, பேருந்து நிறுத்தம், உடைந்த கேட், காலி வீடு?

தொல்லை நடக்க மூன்று சேர வேண்டும்: செய்பவர், படுபவர், இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. செய்பவருக்குப் பெற்றோர், பயிற்சியாளர், நன்னடத்தை அதிகாரி. படுபவருக்கு அண்டை வீட்டார், காவலர். இடத்துக்கு வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் சங்கம், கட்டட மேலாளர், கடைக்காரர், உள்ளாட்சி. உங்கள் தாளில் இந்த மூன்று பெயர்களையும் நிரப்புங்கள். இடத்தின் பொறுப்பாளர் யார் என்பது காலியாக இருந்தால், தொல்லையின் வேர் பெரும்பாலும் அந்தக் காலிக் கட்டத்தில்தான் இருக்கிறது.

குழு

ஐந்திலிருந்து ஏழு பேர். அதற்கு மேல் போனால் பேச்சு அதிகமாகி வேலை குறையும். குறிப்பேடுகளைத் தொகுக்க ஒருவர், காவல் நிலையத்தோடு பேச ஒருவர், உள்ளாட்சியோடும் கட்டட உரிமையாளரோடும் பேச ஒருவர், பாதிக்கப்பட்ட வீட்டுக்குத் தினமும் போய்வர ஒருவர். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தொல்லை நீளும்போது முதலில் உடைந்துபோவது அந்த வீடு.

சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கூடினால் பாதித் தெரு வெளியே நிற்கும். வாடகைக்கு இருப்போர், இரவு வேலைக்குப் போவோர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் எல்லோரையும் கேளுங்கள். இரவில் நடப்பது அவர்களுக்குத்தான் தெரியும். இளைஞர் இரண்டு பேராவது குழுவில் இருக்க வேண்டும். சிகாகோவின் 343 குடியிருப்புத் தொகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டு எழுதிய ஆய்வு ஒன்று 1997-இல் வெளியானது. ஒருவரையொருவர் நம்பி, தெருவில் ஏதாவது நடந்தால் தலையிடத் தயாராக இருந்த பகுதிகளில், வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் வன்முறை குறைவாக இருந்தது. எனவே குழு சேர்ப்பதே தீர்வின் ஒரு பகுதி.

வாட்ஸ்அப் குழுவுக்கு எழுதிய விதி வேண்டும். சந்தேகப்படும் ஆளின் படம் போடக் கூடாது. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது. "புதுசா ஒருத்தன் சுத்துறான்" என்ற செய்திக்கு இடமில்லை; அவன் என்ன செய்தான் என்று எழுத முடிந்தால் மட்டும் எழுதலாம். இல்லாவிட்டால் பார்சல் கொண்டுவந்த பையனைக் கூட்டம் மடக்கி அடிக்கும் நாள் வந்தே தீரும். பல ஊர்களில் வதந்திச் செய்தி ஒன்று உயிரையே பறித்திருக்கிறது.

காவல் நிலையத்தில்

ஒவ்வொரு சம்பவத்துக்கும் அழையுங்கள், ஒவ்வொரு அழைப்புக்கும் பதிவு எண் கேளுங்கள். "போன வாரம் சொன்னோமே" என்று இந்த வாரம் விட்டுவிட்டால், கணக்கில் இந்த வாரம் தொல்லை இல்லை. முந்தைய எண்களையும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்: "இது ஐந்தாவது முறை, முந்தைய எண்கள் இவை." இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மறக்க முடியாத ஒரு சாட்சியம் இருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் மாற்றுத்திறனாளி மகளோடு வாழ்ந்த ஒரு தாயைத் தெருப் பிள்ளைகள் பத்தாண்டு காலம் துன்புறுத்தினார்கள். 33 முறை காவல்துறைக்கு அழைத்திருந்தார். ஒவ்வொரு அழைப்பும் தனித்தனிச் சில்லறைச் சம்பவமாகவே பார்க்கப்பட்டது; யாரும் அவற்றைக் கோத்துப் பார்க்கவில்லை. 2007-இல் தாயும் மகளும் உயிரோடு இல்லை. வீட்டில் முதியவர், நோயாளி, மாற்றுத்திறனாளி, தனியாக இருக்கும் பெண் இருந்தால் ஒவ்வொரு அழைப்பிலும் அதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சந்திப்பு. கூட்டமாகப் போய் நிற்க வேண்டாம். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான காவலரின் பெயரைக் கேட்டு, நேரம் வாங்கிக்கொண்டு, ஷிப்ட் மாறும் வேளையைத் தவிர்த்து, இரண்டு மூன்று பேர் போங்கள். கையில் ஒரே ஒரு பக்கம்: ஒற்றை வரியில் பிரச்சினை, நான்கு வார எண்ணிக்கை, கிழமை–மணிக் கட்டம், வரைபடம், பதிவு எண்கள், நீங்கள் செய்யப்போவது, நீங்கள் கேட்பது. குறிப்பேடுகளின் நகல் பின்னிணைப்பு, மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

என்ன கேட்பது என்பதில்தான் அனுபவம் வேண்டும். "ரோந்தை அதிகப்படுத்துங்கள்" என்று கேட்டால் வண்டி ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு தெருவைக் கடந்து போகும். பத்து நிமிடத்தில் கூட்டம் திரும்பிவிடும். அதற்குப் பதிலாக, கட்டத்தில் புள்ளி அடர்ந்த மணிகளில், அந்த இடத்தில் இறங்கி, 11-லிருந்து 15 நிமிடம் வரை நின்றுவிட்டுப் போகச் சொல்லுங்கள். மினியாபோலிஸ் தரவுகளை வைத்து 1995-இல் செய்த கணக்கில் காவலர் போன பிறகும் அமைதி அதிக நேரம் நீடித்தது அந்த அளவு நின்றபோதுதான். அதற்கு மேல் நிற்பதால் பெரிய கூடுதல் பலன் இல்லை. அப்படி எழுதிக் கேட்டால், ஆள் பற்றாக்குறை என்ற பதிலுக்கும் இடம் குறைகிறது: வாரம் மூன்று இரவு, கால் மணி நேரம்.

காவலர் உங்களிடம் கேட்பதற்கும் தயாராகுங்கள். யார் வாக்குமூலம் தருவார்கள்? பெயரை வெளியிடலாமா? ஒருவர்கூட முன்வராவிட்டால் வழக்கு நிற்காது, எச்சரிக்கையோடு முடியும். சாட்சி சொல்ல ஒருவர் பயப்பட்டால் மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் தரட்டும். யார்மீதும் தனியாகப் பழி விழாது. குறிப்பேடும் பதிவு எண்ணும் கேமராப் பதிவும் சாட்சியின் சுமையைக் குறைக்கும்.

கிளம்பும்போது மூன்று விஷயங்களைப் பெற்றுக்கொண்டு கிளம்புங்கள்: யார் என்ன செய்வார்கள், எந்தத் தேதிக்குள், அடுத்த சந்திப்பு எப்போது. அன்று மாலையே அதை எழுதி அனுப்புங்கள், நன்றி சொல்லி. நல்ல காவலர் அதை மேலதிகாரியிடம் காட்டுவார். செய்யாதவருக்கு அது ஒரு நினைவூட்டல். சிகாகோ 1993-இல் தொடங்கிய திட்டம் இந்தச் சந்திப்பையே அமைப்பாக்கியது. நகரத்தை 279 ரோந்துப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதிக் காவலரும் மக்களும் வழக்கமாகக் கூடும் கூட்டங்களை நடத்தியது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் அதில் நுழைவதே சுருக்கு வழி.

பதிலே இல்லையென்றால் ஒரு படி மேலே எழுதுங்கள், எண்களை இணைத்து. சில நாடுகளில் இதற்குச் சட்ட உரிமையே இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறு மாதத்தில் மூன்று முறை புகார் கொடுத்தும் தொல்லை தீரவில்லையென்றால், பாதிக்கப்பட்டவர் கேட்டதும் காவல்துறையும் உள்ளாட்சியும் மற்ற அமைப்புகளும் ஒன்றாக உட்கார்ந்து அந்த வழக்கை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். உங்கள் நாட்டில் அதுபோல் என்ன விதி உண்டு என்பதைக் காவல் நிலையத்திலேயே கேளுங்கள்.

இடத்தை மாற்றுவது

காவலரை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிடுகிறார்கள். மாசசூசெட்ஸின் லோவல் நகரில் தொல்லை மிகுந்த 34 இடங்களை இரண்டிரண்டாக இணை சேர்த்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றில் மட்டும் புது முறையைச் செய்து பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: அழைப்புகள் குறைந்ததற்குக் கைதுகளைவிட இடத்தைச் சீர்செய்ததே பெரிய காரணம். காலி மனையைச் சுத்தம் செய்வது, விளக்கு போடுவது, கைவிட்ட கட்டடத்தை அடைப்பது என்று எல்லாம் சாதாரண வேலைகள்.

*வெளிச்சம்.* அணைந்த விளக்கின் கம்ப எண்ணைக் குறித்துக் கொடுங்கள். "மூலை விளக்கு எரியவில்லை" என்றால் பணியாளர் தேடி அலைவார். நியூயார்க்கில் 2016-இல் பொதுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்த சோதனையில், இரவுநேர வெளிப்புறக் கடுங்குற்றங்கள் 36 சதவீதம் அளவுக்குக் குறைந்தன. அதற்காகக் கண்ணைக் கூச வைக்கும் ஒற்றைப் பெருவிளக்கைப் போடாதீர்கள். அதன் ஓரத்து நிழல் முன்பைவிடக் கறுப்பாகும். ஒரே சீரான நடுத்தர வெளிச்சம், கீழ்நோக்கித் திரும்பியதாக வேண்டும். யாரும் பார்க்காத மூலையில் விளக்கு மட்டும் போட்டால் அது கூட்டத்துக்கு வசதிதான். அங்கே விளக்கோடு பார்வையும் வேண்டும்.

*செடி.* புதர் ஒரு மீட்டருக்கு மேல் வளரக் கூடாது. மரக்கிளை தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது. அந்த இடைவெளியில்தான் ஆளின் முகம் தெரியும்.

*உட்காரும் இடம்.* தொல்லை நடக்கும் படிக்கட்டில் உட்கார முடியாதபடி செய்வதற்கு முன், முதியவர்கள் அங்கே மூச்சு வாங்க உட்காருகிறார்களா என்று பாருங்கள். பெஞ்சை உடைத்துப் போடுவதைவிட, ஜன்னல்கள் பார்க்கும் பக்கத்துக்கு நகர்த்துவது நல்லது.

*கேமரா.* பணத்தை வீணாக்கும் இடம் இது, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். சாதாரண 1080 ரகக் கேமராவின் படம் 1920 புள்ளி (பிக்சல்) அகலம். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்கிறது சர்வதேசத் தரநிலை. வகுத்துப் பாருங்கள்: படத்தில் விழும் காட்சி 7.7 மீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. தெரிந்த ஆளை "இவர்தான்" என்று சொல்ல 125 புள்ளி, அதாவது 15 மீட்டர் அகலம். முழு முற்றமும் தெரியும்படி மாட்டிய கேமராவில் யாரோ நடப்பது தெரியும். யார் என்பது தெரியாது. எனவே ஒன்றை வாசலில், ஆள் கட்டாயம் கடக்கும் குறுகிய இடத்தில், இரண்டரை மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். நான்கு மீட்டரில் மாட்டினால் தொப்பிதான் பதிவாகும்.

பதிவுக் கணக்கும் உண்டு. நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா நாளொன்றுக்கு 43 ஜிபி தின்னும். ஒரு டெராபைட் 23 நாளில் நிரம்பிப் பழையதன்மேல் எழுதத் தொடங்கும். கேமரா இரண்டானால் 11 நாள்தான். சம்பவம் நடந்த மறுநாளே அந்தத் துண்டைத் தனியே எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை கேமராவின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். கடிகாரம் பத்து நிமிடம் தப்பினால் குறிப்பேட்டோடு பொருந்தாது. பொருந்தாத பதிவு சந்தேகத்தை உங்கள்மேலேயே திருப்பும். அடுத்த வீட்டு ஜன்னலையும் பால்கனியையும் நோக்கித் திருப்பாதீர்கள். கேமரா இருப்பதைச் சொல்லும் பலகை வையுங்கள், பதிவை யார் பார்க்கலாம் என்பதை எழுதி வையுங்கள்.

*சுவர்க் கிறுக்கல்.* முதலில் படம் எடுத்துக் காவல்துறைக்கு அனுப்புங்கள், பிறகு ஒன்றிரண்டு நாளுக்குள் அழித்துவிடுங்கள். கிறுக்குபவருக்குக் கூலி மற்றவர் பார்ப்பதுதான். 1984-இல் நியூயார்க் சுரங்க ரயில் நிர்வாகம் ஒரு விதி வைத்தது: சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி கிறுக்கினால் அதை அழித்த பிறகே ஓட்டத்துக்கு விடுவது. 1989 மே மாதம் கடைசிக் கிறுக்கல் பெட்டியும் ஓட்டத்திலிருந்து விலகியது. வெறுப்பைக் கக்கும் வாசகமோ மிரட்டலோ என்றால் அது கிறுக்கல் அல்ல, குற்றம். காவலர் பார்க்கும் வரை அழிக்காதீர்கள், மூடி வையுங்கள்.

*காலி மனை.* பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் செய்தது மிக எளிய வேலை: குப்பையை அகற்றி, நிலத்தைச் சமப்படுத்தி, புல்லும் சில மரமும் வைத்து, உள்ளே நுழைய இடைவெளி விட்டுத் தாழ்ந்த மரவேலி அடித்தார்கள். வறுமை மிகுந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. உயரமான மதில் எழுப்பவில்லை. மதில் மறைப்பையும் சேர்த்துத் தரும். மனையின் உரிமையாளரைக் கண்டுபிடிக்க உள்ளாட்சியின் சொத்துவரிப் பிரிவு முதல் வாசல்.

ஒன்றை மட்டும் வாங்காதீர்கள்: இளையோர் காதுக்கு மட்டும் கேட்கும், 17 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடும் கருவி. தள்ளுவண்டியில் இருக்கும் கைக்குழந்தைக்கும் அது கேட்கும். தள்ளிக்கொண்டு போகும் தாத்தாவுக்குக் குழந்தை ஏன் அழுகிறது என்று தெரியாது. ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை 2010-இல் பொது இடங்களில் அதைத் தடைசெய்யச் சொன்னது சரியான காரணத்துக்காகத்தான்.

செய்பவரோடு பேசுவது

பேசுவதால் தீரும் தொல்லைகள் நிறைய, ஆனால் நேரமும் ஆளும் சரியாக இருக்க வேண்டும். குடித்திருக்கும்போது, இரவில், நண்பர்கள் முன்னால், தனியாகப் பேசக் கூடாது. மறுநாள் பகலில், தெரிந்த பெரியவர் ஒருவரோடு இரண்டு பேராகப் போய், குறிப்பிட்ட ஒன்றைக் கேளுங்கள்: "பத்து மணிக்கு மேல அந்தப் பக்கம் ஸ்பீக்கர் வேண்டாம்பா, மேல ஒரு பாட்டி நோயாளியா படுத்திருக்காங்க." "ஒழுங்காக இருங்கள்" என்பது கேட்பவருக்குத் திட்டாகப்படும். பிள்ளைகளின் பெற்றோரிடம் போகும்போதும் புகாராகத் தொடங்காதீர்கள். பாதிப் பெற்றோருக்குப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்றே தெரியாது, வெட்கத்தில் சண்டைக்கு வருவார்கள்.

போதைப்பொருள் விற்பவர், ஆயுதம் வைத்திருப்பவர், ஏற்கெனவே மிரட்டியவர் ஆகியோரிடம் ஒருபோதும் பேசப் போகாதீர்கள். படம் எடுக்கவும் போகாதீர்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்து வண்டி எண், நேரம், திசை மூன்றையும் எழுதிக் காவல்துறையிடம் மட்டும் கொடுங்கள். பெயர் சொல்லாமல் தகவல் தரும் எண் இருந்தால் அதில்.

தெருவைச் சுற்றி வரும் இரவுக் குழு அமைக்க ஆசை வரும். காவல்துறைக்குத் தெரிவித்து, இரண்டு பேருக்குக் குறையாமல், கையில் டார்ச்சும் போனும் மட்டும் எடுத்து, பார்த்ததைச் சொல்வதோடு நிறுத்தினால் அதில் பயன் உண்டு. தடி எடுத்த அன்றே அது இன்னொரு தொல்லைக் கூட்டம். வழிமறித்துச் சோதிப்பது, பிடித்துக் கட்டிவைப்பது, அடிப்பது எல்லாம் உங்களையே குற்றவாளியாக்கும். அசல் குற்றவாளி பாதிக்கப்பட்டவராக நீதிமன்றத்தில் நிற்பார்.

பலன் அளப்பது

ஆறு வாரம் கழித்து அதே மூன்று வீடுகள், அதே கட்டங்கள், மறுபடி நான்கு வாரம் எழுதட்டும். ஒன்பது இரண்டானால் வேலை நடந்திருக்கிறது. காவல்துறைக் கணக்கில் அழைப்பு கூடியிருந்தால் பதறாதீர்கள். முன்பு அழைக்காதவர்கள் இப்போது அழைக்கிறார்கள். அதனால்தான் உங்கள் சொந்தக் கணக்கு வேண்டும் என்கிறோம்.

"இங்கே விரட்டினால் அடுத்த தெருவுக்குப் போவார்கள்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சில சமயம் உண்மை, பல சமயம் இல்லை. ஓர் இடத்தைச் சரிசெய்ததன் நன்மை பக்கத்துத் தெருவுக்கும் பரவியதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாதாட வேண்டாம். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டாரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை குறையவில்லையென்றால் அதே வேலையை இன்னும் பலமாகச் செய்யாதீர்கள். கட்டத்துக்குத் திரும்புங்கள். நேரம் மாறியிருக்கிறதா, இடம் பத்து மீட்டர் நகர்ந்திருக்கிறதா, ஆட்கள் வேறா? மூன்றில் எது மாறினாலும் கேட்பதும் மாற வேண்டும்.

குறைந்துவிட்டால் தினமும் எழுதுவதை நிறுத்திவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் மட்டும் எழுதுங்கள். அந்த வாரத்திலேயே விளக்குக் கம்பங்களையும் கேமராக் கடிகாரத்தையும் புதர் உயரத்தையும் பார்த்துவிடலாம். பகுதிக் காவலர் இடமாற்றலில் போவார், சொல்லாமலே போவார். புதியவர் வந்த முதல் வாரத்தில் அந்த ஒரு பக்கத் தாளை, இதுவரை நடந்ததை இரண்டு வரியில் சேர்த்து, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.